பிரஷர் இருந்தால் மெடிக்கல் இன்சூரன்ஸ் எடுப்பது எப்படி? கடலூர், புதுச்சேரிக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு எந்தக் கம்பெனியும் பாலிசி தராது என்று ஒரு பேச்சு இருக்கிறது. "பிரஷர்தானே, அதையெல்லாம் ஃபாரத்தில் எழுத வேண்டாம், நான் பார்த்துக்கறேன்" என்று சொல்லும் ஏஜென்ட்களும் இருக்கிறார்கள். இரண்டையும் நம்ப வேண்டாம். முதலாவதை நம்பினால் பாலிசி இருக்காது. இரண்டாவதை நம்பினால் வருஷா வருஷம் பணம் கட்டியும் ஆஸ்பத்திரியில் படுக்கும்போது பாலிசி உதவாது.

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் சில நோய்களை மட்டும் பாலிசியிலிருந்து நிரந்தரமாக விலக்கி வைக்கக் கம்பெனிகளுக்கு அனுமதி தந்திருக்கிறது. வலிப்பு, பக்கவாதம், நாள்பட்ட சிறுநீரக நோய் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. இரத்த அழுத்தம் அதில் இல்லை. ஆனால் அதற்காகக் கேட்டவருக்கெல்லாம் கொடுத்தே தீர வேண்டும் என்றும் இல்லை. உங்கள் வயது, எடை, எத்தனை வருஷமாகப் பிரஷர், எத்தனை மாத்திரை, கூடவே சர்க்கரை உண்டா, இதயமோ சிறுநீரகமோ பாதிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். ஒரே மாத்திரையில் கட்டுக்குள் இருக்கும் பிரஷரைப் பார்த்து அவர்கள் பெரிதாக அலட்டிக்கொள்வதில்லை. என்ன ஏது என்று தெளிவாக எழுதப்படாத பிரஷரைப் பார்த்தால்தான் தயங்குவார்கள். அதனால் ஃபாரத்தைத் தொடுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலைதான் இங்கே பாதி.

முதலில், கையில் ஏற்கெனவே என்ன இருக்கிறது?

தமிழ்நாட்டுக் குடும்ப அட்டை இருந்து, ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். ஒரு குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை. புதுச்சேரியில் ஆயுஷ்மான் பாரத் திட்டம் நடக்கிறது. 70 வயதைத் தொட்டவர்களுக்கு 2024 அக்டோபரிலிருந்து வருமான வரம்பே இல்லாமல் அந்த 5 லட்சம் உண்டு, ஆதார் போதும். இந்தத் திட்டங்களில் "உங்களுக்கு முன்னாலேயே பிரஷர் இருந்ததா" என்று கேட்டு யாரும் காத்திருக்கச் சொல்வதில்லை.

இதில் ஒரு எல்லைச் சிக்கல் இருக்கிறது. ரெட்டிச்சாவடியில் வீடு, முள்ளோடை தாண்டி வேலை, பிள்ளையார்குப்பத்தில் ஆஸ்பத்திரி என்று இருப்பவர்கள் இந்தப் பக்கம் ஏராளம். எந்த அரசின் திட்டம் என்பதைக் குடும்ப அட்டைதான் முடிவு செய்யும். நீங்கள் வழக்கமாகப் போகும் ஆஸ்பத்திரி அந்தத் திட்டத்தில் இருக்கிறதா, எந்தச் சிகிச்சைக்கு இருக்கிறது என்று அங்குள்ள காப்பீட்டுக் கவுண்டரிலேயே கேட்டுவிடுங்கள்.

வேலை செய்யும் இடத்தில் குரூப் பாலிசி இருந்தால் அதையும் எடுத்துப் படியுங்கள். பெரும்பாலும் அதில் பழைய நோய்களுக்கு முதல் நாளிலிருந்தே பாதுகாப்பு இருக்கும். மாதச் சம்பளம் 21,000 வரை என்றால் தொழிலாளர்களுக்கான இ.எஸ்.ஐ. காப்பீடு இருக்கலாம். ஆனால் வேலையை விட்டால் இவை நின்றுபோகும். அதனால்தான் 40 வயதுக்கு மேல் பிரஷர் வந்தவர்கள் குரூப் பாலிசியை மட்டும் நம்பி இருக்கக் கூடாது என்பது என் கருத்து. 58 வயதில் புதிதாக எடுக்கப் போனால் பிரீமியமும் கூடும், கேள்விகளும் கூடும்.

டாக்டர் சீட்டைச் சரி செய்துகொள்வது

நம் ஊரில் பிரஷர்காரர்களின் ஃபைலைத் திறந்து பார்த்தால் பாதிப் பேரிடம் உருப்படியான சீட்டு ஒன்றுகூட இருக்காது. எப்போதோ ஒரு டாக்டர் எழுதிய மாத்திரையின் காலி அட்டையை மெடிக்கல் கடையில் காட்டி மாசாமாசம் வாங்கிக்கொண்டிருப்பார்கள். இன்னும் சிலரிடம் சீட்டு இருக்கும், ஆனால் அதில் நோயின் பெயருக்கு முன்னால் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கும். "சந்தேகம்" என்பதற்கு டாக்டர்கள் போடும் குறி அது. பிறகு அந்தச் சந்தேகம் தீர்ந்ததா, இல்லையா என்று எங்கேயும் எழுதியிருக்காது. கம்பெனியில் உங்கள் மனுவைப் பார்க்கும் மருத்துவருக்கு அந்தக் கேள்விக்குறிதான் முதலில் கண்ணில் படும்.

பிரஷர் கோளாறு என்றால் எல்லாம் ஒன்றில்லை. நிலையாக உயர்ந்திருப்பது ஒன்று. வீட்டில் சரியாக இருந்து, டாக்டரின் வெள்ளைக் கோட்டைப் பார்த்ததும் எகிறுவது இன்னொன்று. உட்கார்ந்து எழுந்தால் தலை சுற்றுவது, கோயில் வரிசையில் நின்றால் மயங்கி விழுவது என்று அழுத்தம் சட்டென்று இறங்குவது வேறொன்று. கடைசியாகச் சொன்னதைப் பலர் "லோ பிரஷர்" என்று சொல்லி உப்புப் போட்ட மோரோடு விட்டுவிடுவார்கள். கம்பெனிக்கு அதுதான் அதிகக் கேள்வி எழுப்பும், ஏனென்றால் மயக்கத்துக்குப் பின்னால் இதயத் துடிப்புக் கோளாறு, சர்க்கரையால் வந்த நரம்புப் பாதிப்பு, மாத்திரையின் பக்கவிளைவு என்று எதுவும் இருக்கலாம். காரணம் தெரிந்துவிட்டால் அது சாதாரணமாகவும் இருக்கலாம்.

அதனால் முதலில் வீட்டிலேயே ஒரு வாரம் அளந்து எழுதுங்கள். கையின் மேல்பகுதியில் கட்டும் மெஷின் நல்லது, மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம். காபி குடித்த சூட்டோடு அளக்காமல் அரைமணி நேரம் கழித்து, ஐந்து நிமிஷம் சும்மா உட்கார்ந்துவிட்டு, காலை இரண்டு முறை, மாலை இரண்டு முறை அளக்கலாம். வீட்டு அளவில் சராசரி 135/85ஐத் தாண்டினால் உயர் அழுத்தம் என்று எடுத்துக்கொள்வார்கள். ஆஸ்பத்திரி அளவில் அந்த எல்லை 140/90. எழுந்தால் கிறுகிறுப்பவர்கள் ஐந்து நிமிஷம் படுத்திருந்து ஒரு அளவு, எழுந்து நின்ற ஒரு நிமிஷத்தில் ஒன்று, மூன்று நிமிஷத்தில் ஒன்று என்று எடுங்கள், பக்கத்தில் ஒரு ஆள் இருக்கட்டும். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் அதற்கு மருத்துவத்தில் தனிப் பெயரே இருக்கிறது.

அந்த நோட்டோடு ஒரு டாக்டரிடம் போய், அவர் கையால் ஒரு சீட்டு எழுதி வாங்குங்கள். என்ன கோளாறு, எப்போதிலிருந்து, இப்போது என்ன மாத்திரை எத்தனை மில்லிகிராம், கடைசி அளவு என்ன, இதயம், சிறுநீரகம், கண் எதுவும் பாதிக்கப்பட்டிருக்கிறதா என்ற ஐந்தும் அதில் இருக்க வேண்டும். ஒரு ஈ.சி.ஜி., கிரியாட்டினின், சிறுநீர்ப் பரிசோதனை, சர்க்கரைக்கு ஹெச்.பி.ஏ.1சி., கொழுப்பு ஆகியவற்றின் ரிப்போர்ட்டும் கூடவே இருந்தால் நல்லது. வெள்ளைக் கோட்டுப் பிரஷர் என்று சந்தேகம் இருந்தால் 24 மணி நேரம் கையில் மெஷினைக் கட்டி அனுப்பும் சோதனை பெரிய ஆஸ்பத்திரிகளில் உண்டு. அந்த ஒரு ரிப்போர்ட் பல கேள்விகளை முடித்துவைக்கும்.

ஜிப்மரில் பார்ப்பவர்கள் அட்டையையும் பழைய சீட்டுகளையும் ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வாங்குகிறவர்களுக்கு அதுவும் ஒரு பதிவுதான். "அரசாங்க மாத்திரைதானே, கம்பெனிக்கு எப்படித் தெரியும்" என்று நினைக்கக் கூடாது.

எப்படிப்பட்ட பாலிசி?

ஏஜென்ட் பிரீமியத்திலிருந்து ஆரம்பிப்பார். நீங்கள் காத்திருப்புக் காலத்திலிருந்து, அதாவது பழைய நோய்க்குப் பணம் கிடைக்க எத்தனை மாதம் பொறுக்க வேண்டும் என்பதிலிருந்து ஆரம்பியுங்கள். பாலிசி தொடங்குவதற்கு முந்தைய 36 மாதங்களில் கண்டுபிடிக்கப்பட்ட, அல்லது சிகிச்சை எடுத்த, எடுக்கச் சொன்ன நோய்தான் "முன்பே இருந்த நோய்". அதற்குக் கம்பெனி அதிகபட்சம் 36 மாதம் காத்திருக்கச் சொல்லலாம். 2024 ஏப்ரலுக்கு முன் இது 48 மாதமாக இருந்தது, பழைய நோட்டீஸைக் காட்டி நான்கு வருஷம் என்று யாராவது சொன்னால் கணக்கில் எடுக்காதீர்கள். கூடுதல் பணம் கட்டினால் இதை ஒரு வருஷமாகக் குறைக்கும் ரைடர்கள், அதாவது பாலிசியோடு சேர்த்து வாங்கும் கூடுதல் வசதிகள் உண்டு. பிரஷர், சர்க்கரை, ஆஸ்துமா போன்றவற்றுக்கு மட்டும் 31ஆம் நாளிலிருந்தே பாதுகாப்பு தரும் பாலிசிகளும் வந்துவிட்டன.

அந்தக் கூடுதல் பணம் தகுமா? காத்திருப்புக் காலத்தில் டெங்கு வந்தாலோ, குடல்வால் ஆபரேஷன் என்றாலோ முதல் 30 நாள் தாண்டியதும் பணம் கிடைக்கும். விபத்துக்கு முதல் நாளிலிருந்தே. ஆனால் மாரடைப்பு, பக்கவாதம், சிறுநீரகம் என்று வந்தால் "இது பிரஷரால் வந்தது" என்று கம்பெனி கோடு போட்டுக் காட்டும். பிரஷர்காரருக்குப் பயமே அந்த மூன்றைப் பற்றித்தான். 50 வயதைத் தொட்டவர்களுக்கு ரைடர் தகும் என்றே நினைக்கிறேன். 32 வயதில் ஒரே மாத்திரையில் இருப்பவர் கணக்குப் போட்டுப் பார்த்து முடிவு செய்யலாம்.

சிலருக்கு லோடிங் போடுவார்கள், அதாவது பிரீமியத்தின் மேல் ஒரு பங்கு கூட்டுவார்கள். 15,000 ரூபாய் பாலிசிக்கு 20 சதவீத லோடிங் என்றால் 18,000. ஒரு நல்ல செய்தி, 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப மெடிக்கல் பாலிசிக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. முன்பு 18 சதவீதம் போனது.

அப்புறம் ரூம் வாடகை. ஒரு நாளைக்கு 5,000 வரை என்று பாலிசி சொல்லி, நீங்கள் 8,000 ரூபாய் ரூமில் படுத்தால், மிச்சம் 3,000த்தோடு விஷயம் முடியாது. டாக்டர் கட்டணம், ஆபரேஷன் தியேட்டர் போன்றவற்றையும் அதே விகிதத்தில் வெட்டுவார்கள். அந்த வகையில் 80,000 ரூபாய் பில் வந்தால் கையில் கிடைப்பது 50,000. மருந்துக்கும் டெஸ்ட்டுக்கும் இப்படி வெட்டக் கூடாது என்று விதி இருக்கிறது. ரூம் வரம்பே இல்லாத பாலிசி கிடைத்தால் விட வேண்டாம்.

நம் பக்கத்து ஆட்கள் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. ஊரை மண்டலமாகப் பிரித்துப் பிரீமியம் போடும் கம்பெனிகள் இருக்கின்றன. பண்ருட்டி முகவரிக்குக் குறைவாகப் போட்டுவிட்டு, சென்னையில் சிகிச்சை எடுத்தால் பில்லில் ஒரு பங்கை உங்களையே கட்டச் சொல்லும் நிபந்தனை உள்ளே இருக்கும். கடலூரிலும் பாண்டியிலும் முடியாத கேஸ் என்றால் சென்னைக்கோ வேலூருக்கோதான் ஓடப்போகிறோம். அதனால் இதை வாயால் கேட்டு விடாமல் எழுத்தில் வாங்குங்கள்.

வீட்டில் ஒருவருக்கு மட்டும் பிரஷர் என்றால் எல்லாரையும் ஒரே ஃபேமிலி பாலிசியில் போடுவதற்கு முன், அவருக்குத் தனிப் பாலிசி, மற்றவர்களுக்கு ஒன்று என்று பிரித்தும் விலை கேளுங்கள். அப்பா அம்மாவை உங்களோடு சேர்க்கவே வேண்டாம். மூத்தவர் வயதை வைத்துத்தான் மொத்தப் பிரீமியமும் வரும்.

ஃபாரம், ஓ.டி.பி., மெடிக்கல்

இப்போதெல்லாம் ஃபாரத்தை ஏஜென்ட் தன் போனிலேயே நிரப்பிவிடுகிறார். நோய் பற்றிய கேள்விகள் வரிசையாக வரும், அவர் எல்லாவற்றுக்கும் "இல்லை" என்று தட்டிக்கொண்டே போவார். கடைசியில் "சார், ஒரு ஓ.டி.பி. வந்திருக்கும், சொல்லுங்க" என்பார். அந்த ஆறு எண்தான் உங்கள் கையெழுத்து. அதைச் சொல்வதற்கு முன் நிரப்பிய ஃபாரத்தின் பி.டி.எஃப்.ஐ வாட்ஸப்பில் அனுப்பச் சொல்லி, ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். தயங்கும் ஏஜென்ட் என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

எழுதுவதைச் சுருக்கமாக, சீட்டில் உள்ளபடியே எழுதுங்கள். "2021 ஜூனிலிருந்து உயர் இரத்த அழுத்தம். அம்லோடிபின் 5 மி.கி. தினம் ஒன்று. சமீபத்திய அளவு 128/82. ஆஸ்பத்திரியில் சேர்ந்ததில்லை. பிற உறுப்புப் பாதிப்பு இல்லை." இவ்வளவு போதும். மயங்கி விழுந்தது ஒரே முறை என்றாலும், அதற்காக டாக்டரைப் பார்த்திருந்தால் எழுத வேண்டும். மாத்திரையை நீங்களாகவே நிறுத்தியிருந்தாலும் "இப்போது இல்லை" என்று எழுத முடியாது. கேட்காததை வலிந்து சொல்ல வேண்டியதும் இல்லை. கடலூர் முதுநகர்க் கருவாடு வாரத்தில் எத்தனை நாள் என்று எந்த ஃபாரமும் கேட்பதில்லை, அது டாக்டருக்கும் உங்களுக்கும் உள்ள விவகாரம்.

அடுத்து கம்பெனியிலிருந்து போன் வரும். பேசுவது பதிவாகும். தமிழில் பேசும் ஆளைக் கேட்டு வாங்குங்கள், ஃபாரத்தில் உள்ளதையே சொல்லுங்கள். "அஞ்சாறு வருஷமா இருக்கும்" என்ற மாதிரி வாய்க்கு வந்த கணக்கு வேண்டாம்.

மெடிக்கல் டெஸ்ட் வைத்தால் வழக்கமான மாத்திரையை வழக்கமான நேரத்தில் போட்டுக்கொண்டே போங்கள். அளவு நன்றாக வர வேண்டும் என்று இரண்டு போட்டுக்கொள்வது ஆபத்து. வெறும் வயிற்றில் வரச் சொன்னால் மாத்திரையை என்ன செய்வது என்று டாக்டரிடம் முன்னாடியே கேட்டுக்கொள்ளுங்கள். முதல் அளவு எகிறினால், சற்று உட்கார்ந்துவிட்டு மறுபடி எடுக்கச் சொல்லிக் கேட்பதில் தப்பே இல்லை.

ஒரே நேரத்தில் நாலு கம்பெனிக்கு மனுப்போட வேண்டாம். "இதற்கு முன் எந்தக் கம்பெனியாவது மறுத்திருக்கிறதா" என்று அடுத்த ஃபாரம் கேட்கும். ஒரு இடத்தில் மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்கி, அந்தக் காரணத்துக்கான டெஸ்டோ சீட்டோ தயார் செய்துகொண்டு அடுத்த இடம் போகலாம். லோடிங் போட்டுத் தருவதாகச் சொன்னால் உங்கள் சம்மதம் இல்லாமல் பாலிசி ஆரம்பிக்க முடியாது. யோசித்தே பதில் சொல்லலாம்.

பாலிசி கைக்கு வந்ததும் அட்டவணைப் பக்கத்தில் உங்கள் பெயருக்கு நேரே முன்பே இருந்த நோய் என்ற இடத்தைப் பாருங்கள். பிரஷர் என்று எழுதிக் கொடுத்தும் அங்கே காலியாக இருந்தால் சந்தோஷப்பட வேண்டாம், அன்றைக்கே கம்பெனிக்கு மெயில் போட்டுத் திருத்தி வாங்குங்கள். பிடிக்காவிட்டால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

ஆஸ்பத்திரி வாசலில்

இனிமேல்தான் பலர் கோட்டை விடுவது. இராத்திரி இரண்டு மணிக்கு அப்பாவை அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோகிறோம். டியூட்டி டாக்டர் "பி.பி. இருக்கா, எத்தனை வருஷமா?" என்று கேட்பார். அத்தை ஒரு பக்கம் "அது இருக்கு சார், பத்துப் பதினைந்து வருஷமா" என்பார், அவர் அதை அப்படியே கேஸ் ஷீட்டில் எழுதிவிடுவார். பாலிசியில் 2021 என்று இருக்கும். மறைத்துவிட்டீர்கள் என்று கிளெய்மை நிறுத்த அந்த ஒரு வரி போதும். அதனால் டாக்டர் எழுதிக் கொடுத்த அந்த ஐந்து விவரச் சீட்டை வீட்டில் இன்னும் இரண்டு பேர் போனிலும் வைத்திருங்கள். கேட்டால் பேச வேண்டாம், அதைக் காட்டினால் போதும். எழுத்தில் தப்பு விழுந்திருந்தால் டிஸ்சார்ஜுக்கு முன்னாலேயே, பழைய சீட்டைக் காட்டி, டாக்டரிடம் திருத்தி வாங்குங்கள். வீட்டுக்கு வந்த பிறகு அது மலையளவு வேலை.

மயக்கக்காரர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. வெறும் பரிசோதனைக்காகவும் கண்காணிப்புக்காகவும் அட்மிட் ஆனால் பணம் தர மாட்டோம் என்ற விலக்கு எல்லாப் பாலிசியிலும் இருக்கிறது. மயங்கி விழுந்து, இரண்டு நாள் படுக்க வைத்து, ஸ்கேன் எல்லாம் எடுத்து, "ஒன்றுமில்லை" என்று அனுப்பினால் இந்த விலக்கில்தான் மாட்டும். ஏன் அட்மிட் செய்தே ஆக வேண்டியிருந்தது, ஏறிய சொட்டு மருந்து என்ன, மாற்றிய மாத்திரை என்ன என்பது டிஸ்சார்ஜ் சம்மரியில் தெளிவாக இருக்க வேண்டும். நடந்ததை முழுதாக எழுதச் சொல்லிக் கேளுங்கள், நடக்காததை அல்ல.

கேஷ்லெஸ், அதாவது பில்லைக் கம்பெனியே நேராக ஆஸ்பத்திரிக்குக் கட்டும் வசதி கேட்டால், கம்பெனி ஒரு மணி நேரத்தில் பதில் சொல்ல வேண்டும், டிஸ்சார்ஜுக்கான அனுமதியை மூன்று மணி நேரத்தில் தர வேண்டும். 2024 முதல் அந்தக் கணக்குத்தான்.

மறுத்துவிட்டால் முதலில் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத்தில் புகார். பதில் திருப்தி இல்லை, அல்லது ஒரு மாதமாகப் பதிலே இல்லை என்றால் இன்சூரன்ஸ் ஓம்பட்ஸ்மேன் என்ற குறைதீர்ப்பாளரிடம் போகலாம். புதுச்சேரி, காரைக்கால், தமிழ்நாடு மூன்றுக்கும் சென்னை அலுவலகம்தான். கட்டணமும் இல்லை, வக்கீலும் தேவையில்லை. கம்பெனி மறுத்து ஒரு வருஷத்துக்குள் போய்விட வேண்டும். வழி தெரியாவிட்டால் ஆணையத்தின் 155255 என்ற இலவச எண்ணில் கேட்கலாம்.

புதுப்பிக்கும் தேதியை மட்டும் கோட்டை விடாதீர்கள். வருஷப் பிரீமியத்துக்கு 30 நாள் சலுகை உண்டு, அதையும் தாண்டினால் முடித்த காத்திருப்பு எல்லாம் போய் மறுபடி முதலிலிருந்து. விடாமல் 60 மாதம் கட்டிவிட்டால், மோசடி என்று நிரூபித்தால் ஒழிய, நீங்கள் எதையோ சொல்லவில்லை என்று காரணம் காட்டிக் கம்பெனி மறுக்க முடியாது. கிளெய்ம் வாங்கினீர்கள் என்பதற்காகப் புதுப்பிக்க மறுக்கவும் முடியாது. கம்பெனி பிடிக்கவில்லையா, புதுப்பிக்கும் தேதிக்குக் குறைந்தது 45 நாள் முன்னால் வேறு கம்பெனிக்கு மாற மனுப்போடுங்கள். ஓடி முடித்த காத்திருப்புக் காலம் கூடவே வரும். ஆனால் புதுக் கம்பெனி சம்மதக் கடிதம் தரும்வரை பழையதை நிறுத்த வேண்டாம்.